அத்தானின் தக்காளிக்கு நான் போட்ட கவ்வாத்து

தெமோதரை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் பொறுமையும் உள்ள அக்கா ஜெயலெட்சுமி அவர்களுக்கு, தம்பி நல்லையா கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் ரெங்கம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் இருக்கிறது. அங்கே உங்கள் முட்டிவலி குறைந்து, புது வீட்டுப் படியில் பிடிமானம் இல்லாமல் ஏறி இறங்குவீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் இரண்டாவது வார்த்தையே "பழுத்துருச்சாடா?" என்று வரும். அதற்குப் பிறகு உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா, வருகிற வெள்ளிக்கிழமை அத்தானின் வருசப் படையலுக்கு வைக்க நீங்கள் காத்திருக்கும் தக்காளி இல்லை. ஒன்றுகூட இல்லை. மறுபடி போட விதையும் இல்லை.

பொங்கலுக்கு இங்கே வந்தபோது நீங்கள் விதையைக் கலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பதினாலு வெததான்டா மிச்சம். எனக்குக் குனிஞ்சு நட முடியல. நீ நர்சரிக் கங்காணியா இருந்தவன். அவரு படையலுக்கு அவரு தக்காளியே வேணும்" என்றீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "முப்பது வருசத்துல லெச்சக் கணக்குல தேயிலக் கன்னு வளத்தவன்கிட்டயா சொல்றீங்க?" என்றேன். பொட்டலத்தை ரெங்கம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலையில் பழைய பேப்பர் துண்டில் விதையைக் கொண்டு வந்து நீட்டி, "அந்தத் தாளுல எறும்பு வந்துருச்சு, மாத்திட்டேன்" என்றாள்.

அது சாதாரண விதை இல்லை என்பது எனக்குத் தெரியாதா அக்கா? மீரியபெத்தயில் மண் சரிந்த அன்று காலையில் நீங்கள் இருவரும் தக்காளிக் கூடையோடு பண்டாரவளைக்கு பஸ் ஏறியிருந்தீர்கள். அதனால்தான் உயிரோடு இருக்கிறீர்கள். திரும்பி வந்தபோது குடியிருந்த லயம் இல்லை, தோட்டம் இல்லை, அக்கம்பக்கத்தில் பலபேர் இல்லை. கூடையில் விற்காமல் நசுங்கிக் கிடந்த நாலு பழத்திலிருந்து அத்தான் முகாமில் உட்கார்ந்து விதை எடுத்துக் காயவைத்தார். அந்த மடிப்பு மடிப்பான தக்காளியின் வம்சத்தை நான் நாலே மாதத்தில் முடித்துவிட்டேன்.

எப்படி முடித்தேன் என்றால், முதலில் எனக்குத் தெரிந்த வேலையைக் காட்டினேன். தேயிலைக் கன்றுக்குச் செய்வதுபோல் பொலித்தீன் பையில் மண் நிரப்பி, விதையை ஊன்றி, வெயில் படக்கூடாது என்று மேலே பெரணி இலையால் பந்தல் போட்டு, சுற்றிலும் சாக்கு கட்டினேன். தேயிலைக்கு அது தாய் மடி. தக்காளிக்கு அது இருட்டறை என்று எனக்கு யார் சொன்னார்கள்? முளைத்ததெல்லாம் வெளுத்துப்போய், வெளிச்சத்தைத் தேடி நூல்போல நீண்டு, எட்டுக் கன்று கழுத்தழுகிச் சாய்ந்தது. ரெங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு அலட்சியம். எனக்குக் கோபம் வந்தது.

மிச்சம் ஆறு. அதை லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் வரிசையாக நட்டேன். தேயிலைக்குப் போடுகிற உரத்தையே கையளவு போட்டேன். இலை வந்தது பாருங்கள் அக்கா, அப்படி ஓர் இலை! கறுகறுவென்று, உள்ளங்கை அகலத்துக்கு. பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ஸலீம் ஒருநாள் இந்தப் பக்கம் வந்தவர் பார்த்துவிட்டு, "நல்லையாண்ணே, கீரையா போட்டீக?" என்று கேட்டார். நான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இலை வந்தால் சந்தோஷப்படுவது முப்பது வருசப் பழக்கம். பழம் என்ற ஒன்று வரவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அடுத்தது கவ்வாத்து. சின்னத் தேயிலையை நடுத்தண்டில் வெட்டினால்தானே பக்கத்தில் படரும்? முழங்கால் உயரம் வந்ததும் கத்தியைத் தீட்டி ஆறு செடியையும் ஒரே மட்டமாக வெட்டினேன். அதையாவது செடிகள் மன்னித்தன. பக்கக் கிளை விட்டு, பூ எடுத்தன. அப்போதுதான் ரெங்கம்மாவின் கை வந்தது. முப்பத்தொரு வருசம் கொழுந்து பறித்த கை அல்லவா? குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போகும்போது ஒரு கை சும்மா இருக்கிறது. அந்தக் கை செடியைக் கடக்கும்போது தன்பாட்டில் நுனியைக் கிள்ளி, தோளுக்கு மேலே பின்பக்கம் எறிகிறது. பின்னால் கூடை இல்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருசம் ஆகிறது என்பது கைக்குத் தெரியவில்லை. அவள் நடந்த வழியெல்லாம் தக்காளிப் பூ.

"ஏன்டி கிள்ளுற?" என்று கத்தினேன். "யாரு கிள்ளுனா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றைக் கிள்ளி எறிந்தாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சிவசக்தி வேலை முடிந்து பீலிக்கு வருவாள், அவளோடு இன்னும் இரண்டு பேர் வருவார்கள், செடி வரிசையின் இரண்டு பக்கமும் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். கதை முடியும்போது செடியில் ஒரு மொட்டு இருக்காது. கொழுந்துக்காரிகள் மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பைப் போட்டுப் பார்த்தேன், ஆறு செடியிலும் ஒரு விரல் ஏற்றத்தாழ்வு இல்லை. அழுவதா மெச்சுவதா என்று தெரியவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வேலி கட்டலாம் என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் கையிலும், கொழுந்து பறிக்கிற கணக்குப்படி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருந்தது.

மூலைச் செடியில் மட்டும், இலைக்கு அடியில் ஒளிந்து, ஒரே ஒரு காய் தப்பியது. குரங்கு பார்க்காமல் இருக்க என் குளிர்த்தொப்பியை அதற்கு மாட்டினேன். மூன்று வாரம் என் காது விறைத்தது, பழம் சிவந்தது. அத்தான் பழத்துக்கு உண்டான மடிப்பு அதில் இல்லை, வழவழவென்று உருண்டையாக இருந்தது. என் வளர்ப்பு சரியில்லாததால் மடிப்பு விழவில்லை என்று நினைத்து நொந்துகொண்டேன். பறித்து சாமித் தட்டில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தடிமன் பிடித்துப் படுத்திருந்தபோது ரெங்கம்மா ரசம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு கிண்ணம் குடித்து, விரலையும் நக்கிவிட்டு, "இன்னிக்கு ரசம் தனி ருசியா இருக்கே, என்னா போட்ட?" என்று கேட்டேன். அவள் சாமித் தட்டைக் காட்டினாள். வெறுந்தட்டு. நான் அழுதுவிட்டேன் அக்கா. "ஒரு தக்காளிக்கா அழுவுறீங்க? மூக்கச் சிந்திட்டுப் படுங்க" என்றாள்.

பிறகு ஒரு கள்ளத்தனமும் செய்யப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. ஸலீம் கடைக்குப் போய், மடிப்பு வைத்த தக்காளி நாலு கிடைக்குமா என்று கேட்டேன், அத்தானுடையது என்று உங்களிடம் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது நினைப்பு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "வியாழக்கெழம மட்டும் பொறுங்களே" என்றார். வியாழக்கிழமை லொறி வரும் போல. நான் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அத்தான் படத்துக்கு முன்னால் பொய்ப் பழம் வைக்க மனசு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இருபது வருசமாக உங்களிடம் சொல்லாதது. அத்தான் ஒருமுறை தெமோதரைக்கு வந்து, நர்சரியில் என்னைத் தேடிப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். "மச்சான், நல்ல வெத. ஒரு ஓரமாப் போட்டுப் பாருங்களேன்" என்றார். நான் பத்துப் பேர் முன்னால் சிரித்தேன். "தேயில நூறு வருசம் நிக்கும். மூணு மாசத்துல சாவுறதுக்கெல்லாம் நர்சரியில எடமில்ல, எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவரும் சிரித்தார். தாளை நன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்தார், எனக்கு வெற்றிலைகூட வாங்கி வந்தார், விதை மட்டும் கொண்டு வரவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது அக்கா.

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வருவேன். திட்டுவதாக இருந்தால் படையல் முடிந்து திட்டுங்கள். உங்கள் முட்டிக்கும் மனசுக்கும் முருகன் துணை இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உங்கள் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய தம்பி,
நல்லையா

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது, "அரைநாளா என்னா எழுதுறீங்க, வாசிங்க" என்று ரெங்கம்மா உட்கார்ந்தாள். முழுவதும் வாசித்தேன். "நீங்க போட்டது மதினி குடுத்த வெத இல்ல. ஸலீம் கடைப் பழத்துல நான் புழிஞ்சு எடுத்தது" என்றாள். அத்தானின் பதினாலு விதையையும் தைமாதமே ஸலீமின் மனைவி மர்லியாவிடம் கொடுத்துவிட்டாளாம். மர்லியா பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்ததில்லை, அதனால் அந்தக் கைதான் சரி என்று ரெங்கம்மா முடிவு செய்தாளாம். பதினொரு செடி காய்த்து, மடிப்பு மடிப்பாகப் பழுத்து நிற்கிறதாம். வியாழக்கிழமை பறிக்கிறார்களாம். கூடையை நான் தூக்கி வரலாம், மேலே போட்ட துணியை விலக்கக்கூடாது என்று உத்தரவு.

"நாலு மாசமா ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன். "அன்னிக்கு நர்சரியில நின்ன பத்துப் பேருல நானும் ஒருத்தி. அண்ணன் அந்தத் தாள மடிச்சு வச்சதப் பாத்தேன். ஒங்க கையில எப்பிடிக் குடுப்பேன்?" என்றாள். பேனாவை மறுபடி திறந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே அக்கா, மேலே தக்காளியைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். அத்தானைப் பற்றி எழுதியதை அடிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை படையல் முடிந்ததும், அவர் படத்துக்கு முன்னால் நின்று, ஒரு பொட்டலம் விதை கேட்கப் போகிறேன். பத்துப் பேர் இருந்தாலும் கேட்பேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

(கீழே உள்ளது ரெங்கம்மா என் பேனாவைப் பிடுங்கி எழுதியது.)

மதினி, கேட்டா குடுங்க. ஆனா என் கையில குடுங்க.