மாத்திரையிலும் ஒன் பை டூ

பெங்களூரில் எதையும் முழுசாகச் சாப்பிட்டு அறியாத ஒரே மனிதர் எங்கள் பைட்டு அண்ணன்தான். சிவாஜிநகரில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அடுத்த கடையில் ஆட்டோவுக்கு சீட் தைப்பவர். காபி என்றால் ஒன் பை டூ, ஒன்றை வாங்கி இரண்டு பேர் பங்கு போடுவது. அது இந்த ஊர் வழக்கம், சரி. இவருக்கு மசால் தோசையும் ஒன் பை டூ, வாழைப்பழமும் ஒன் பை டூ. அதில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் பைட்டு. பங்குக்கு ஆள் இல்லையென்றால் தெருவில் போகிறவரை இழுத்து உட்கார வைப்பார். ஒருமுறை இவர் வண்டியை மடக்கிய டிராஃபிக் போலீஸ்காரர், பேச்சு முடிந்தபோது கையில் பாதி வடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"முழுசா தின்றவனுக்குத் தொண்டையில மாட்டும்டா" என்பது அண்ணன் வாக்கு.

அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் தெருவே சுருண்டது. அவர் சுருளவில்லை. தினம் ஒரு மாத்திரைதான் வைத்தியம். முடி கொட்டவில்லை, மீசைக்கு முறுக்குகூட ஏறியது. சில மாதங்களில் ரத்தத்தில் எகிறியிருந்த வெள்ளணு கவுன்ட் இறங்கி, பழையபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

"குறி பாத்து அடிக்கிற மருந்து குரு! கண்டதையும் அடிக்காது" என்று சீட் மாற்ற வந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம்.

திடீரென்று ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தது. துணைக்கு நான் போயிருந்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"தினம் போடறேம்மா. ஒரு மாசமா பாதி."

"பாதியா? மீதி?"

அண்ணன் பெருமையோடு வாசல் பெஞ்சைக் காட்டினார். அங்கே அவருடைய ஆஸ்பத்திரி சிநேகிதர் நஞ்சுண்டண்ணா. நுரையீரலில் புற்றுநோய், எந்த மருந்து பொருந்தும் என்று டெஸ்ட் முடிவுக்குக் காத்திருந்தார்.

"பாவம்மா, சும்மா உக்காந்திருந்தாரு. சீட் வெட்டற பிளேடால நறுக்கி, டப்பால போட்டுக் குடுத்துட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, உங்க ரத்தத்துல ஒரு ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்கிச்சு. இந்த மாத்திரை அதைத்தான் அமுக்கிப் பிடிக்குது. அவர் வியாதி வேற, இது அவருக்கு உதவாது. பாதி போட்டா உங்களுக்கும் பத்தாது. மருந்துக்கே டிமிக்கி குடுக்க வியாதி கத்துக்கிட்டா, உயிருக்கே ஆபத்து!"

அண்ணன் முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன்.

"ஐயோ, அவருக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

நஞ்சுண்டண்ணாவைக் கூப்பிட்டோம். நிதானமாக வந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அத்தனை பாதிகளும் அப்படியே இருந்தன.

"பேடா, வேணாம்னா உன் மனசு நோவும்ல குரு? அதான் வாங்கி வெச்சுக்கிட்டேன்."

"அடப்பாவி மனுசா!" என்று அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

பிறகு நஞ்சுண்டண்ணாவுக்கென்று பொருந்துகிற வேறு மாத்திரை அமைந்தது. அண்ணனின் கவுன்ட்டும் மெல்ல இறங்கிவிட்டது. ஆனால் டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைக் காவல் போட்டுவிட்டார். தினமும் காலையில் வீடியோ கால் வரும். அண்ணன் முழு மாத்திரையைக் காட்டுவார், விழுங்குவார், நாக்கை நீட்டுவார்.

"போச்சாடா?"

"போச்சுண்ணா."

காபி கறை படிந்த, ஒரு அழகும் இல்லாத நாக்கு. அதைப் பார்க்காமல் எனக்கு இப்போதெல்லாம் பொழுதே விடிவதில்லை.