பல்கனியில் ஒரு மச்ச நெருப்பு

இனிமேல் குப்பை வாளியைத் தூக்கமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். மனைவி நிஷாந்தினி வீட்டில் இருந்தாள்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் நாலாம் மாடி. லிஃப்ட் பழுதாகி மூன்று மாதம். காலையில் குப்பை லொறியின் ஹோர்ன் கேட்டால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு ஓடுவேன். நான் கீழே போக, லொறி பிரதான வீதியில் ஏறியிருக்கும்.

"கொம்போஸ்ட் போடுங்கோவன், பூச்சாடிக்காவது உதவும்" என்றாள் மனைவி.

"புழு வரும். நான் காஸ் எடுக்கப் போறன். மரக்கறித் தோலைப் பீப்பாவில போட்டு மூடினா, புளிச்சுக் காஸ் வரும். அதில நீர் சோறு கறி சமைக்கலாம்."

"வாளி?"

"இனிப் படி இறங்காது."

"நல்ல யோசனையப்பா."

எங்கள் வாழ்க்கையில் அவள் இப்படிச் சட்டென்று சம்மதித்தது இரண்டாம் தடவை. முதல் தடவை கல்யாணத்துக்கு.

கோயில் மாட்டுக்கொட்டிலில் கெஞ்சிச் சாணம் வாங்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பல்கனியில் வைத்த பீப்பாவில் கரைத்தேன். மூன்று வாரத்தில், பீப்பாக் குழாயில் பொருத்திய அடுப்பில் நீல நெருப்பு வந்தது. சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் தேத்தண்ணி கொதிக்கமுன் நெருப்பு படுத்துவிட்டது. இரண்டு பேர் வீட்டுத் தோல் அதற்குப் போதவில்லை.

"பக்கத்து வீட்டு பேர்னாட் அண்ணையிட்டக் கேளுங்கோவன். அவை வீட்டில நாள் தவறாமல் மீன்."

கேட்டேன். அவர் மனைவி ரொஷேல் தினமும் வாளி நிறைய மீன் தலை, குடல் தந்தாள். அடுத்த கிழமையே நெருப்பு சீறியது.

"இப்ப என்ன சொல்லுறீர்?" என்றேன் பெருமையாக.

நிஷாந்தினி அடுப்பைவிட்டு நாலடி பின்னால் போனாள்.

"இது மச்ச நெருப்பு. நான் கை வைக்கமாட்டன்."

"நெருப்பில என்னப்பா சைவம், மச்சம்?"

"சைவச் சட்டி, மச்சச் சட்டி எண்டு உங்கட அம்மாதானே பிரிச்சுத் தந்தவ? சட்டிக்கு இருந்தா நெருப்புக்கு இல்லையோ?"

அம்மாவை இழுத்தால் நான் வாய் திறக்கமாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

"அப்ப ஆர் சமைக்கிறது?"

"சைவம் நான், பழைய சிலிண்டர் காஸில. மச்சம் நீங்கள், உங்கட நெருப்பில. மீனையும் கடையில வெட்டுவிக்காமல் நீங்களே வெட்டினா, குடல் நேரா பீப்பாவுக்குப் போகும்."

எனக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. இப்போது காலை ஐந்து மணிக்கு எழும்பிச் சீலா மீனுக்குச் செதில் சுரண்டுகிறேன். நிஷாந்தினி ஹோலில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறாள். நெருப்பில்தான் கை வைக்கமாட்டாள்; பொரித்த மீனில் நடுத்துண்டு அவளுக்குத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வாளி தூக்கிய காலம் பொற்காலம்.

நேற்றுப் படியில் ரொஷேலைக் கண்டு, மீன் வாளிக்கு நன்றி சொன்னேன்.

"எனக்கு ஏன் அண்ணே தேங்க்ஸ்? நிஷா அக்காவுக்குச் சொல்லுங்க. நீங்க பீப்பா கொண்டுவந்த அண்டைக்கே வந்து, 'ஒரு மாசத்துல என்ட மனுசன் மீன் தலை கேட்டு வாளியோட வருவார், குடுங்க' எண்டு சொல்லிட்டுப் போனாங்க."