ஐயா வந்தபோது விழுந்தவர்கள்

1973 ஆகஸ்டு 20, திங்கட்கிழமை. காலை பதினொன்று பத்துக்கு எங்கள் தாலுகா கச்சேரித் தாழ்வாரத்தில் ஏழு முதியவர்கள் ஒரே சமயத்தில் விழுந்தார்கள். ஏழாமவர் பெயர் வைரக்கண்ணு.

மற்ற ஆறு பேரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டதால் அரசாங்கத்துக்கு அவர்களால் சிரமம் இல்லை. வைரக்கண்ணுவால் எழ முடியவில்லை. அதனால் விஷயம் கோப்பானது.

வைரக்கண்ணுவுக்கு எழுபத்தொரு வயது. மிராசுதார் பஞ்சநதத்தின் பண்ணையில் நாற்றுக்கட்டு சுமந்தே முதுகு வளைந்தவர். பண்ணையாள் குடியிருக்கும் மனை பண்ணையாளுக்கே என்று அரசாங்கம் அப்போது சட்டம் போட்டிருந்தது. பஞ்சநதம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தார்: அது குடிசையே அல்ல, தன் வைக்கோல் போர் போடும் இடம், அதற்குள் எப்படியோ ஒரு குடும்பம் அகப்பட்டுக்கொண்டது. அன்றைக்கு விசாரணை. ஆஜரானால் பட்டா. ஆகாவிட்டால் வைக்கோல் போர்.

கச்சேரிக்கு அந்த வருஷம்தான் மொசைக் தரை போட்டிருந்தார்கள். சினிமாக் கொட்டகைக்கே வந்துவிட்ட மொசைக் வருவாய்த் துறைக்கு வராதது இழுக்கு என்று கருதப்பட்டது. பளபளப்பு மங்காதிருக்கக் காலையில் இரண்டு தடவை ஈரச்சாக்கால் துடைப்பார்கள். மனுதாரர்கள் விடியற்காலை வெறும் வயிற்றோடு வந்து, செருப்பிருந்தால் வாசலில் விட்டுவிட்டு, தாழ்வாரத்தில் குந்தியிருப்பார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் கச்சேரிச் சேவகரான டவாலி லியாகத் அலி, "ஐயா வர்றாங்க" என்பார். தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு எல்லோரும் ஒரே வீச்சில் எழுவார்கள். இப்படி எழ வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இல்லாததைத்தான் நம் ஜனங்கள் தவறாமல் கடைப்பிடிப்பார்கள்.

தாசில்தார் நடராசன் விழுந்தவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அமர்ந்து முதல் மனுவை எடுத்தார். அது வைரக்கண்ணுவுடையது. லியாகத் அலி அப்போது வைரக்கண்ணுவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். கடமை குறுக்கிட்டது. தூக்கியபடியே கச்சேரி அதிர மூன்று தரம் கூப்பிட்டார்.

"வைரக்கண்ணு, வைரக்கண்ணு, வைரக்கண்ணு."

"ஏன் பாய், மாமா ஒங்க கையிலதான இருக்காரு?" என்றாள் மருமகள் அம்சம்.

"எனக்குத் தெரியுதும்மா. ஐயாவுக்குத் தெரியணுமே. வாசப்படிக்கு உள்ள வந்தாத்தான் ஆஜரு."

"காலு ஊணலையே. நீங்களே உள்ள தூக்கிட்டுப் போங்க."

"மனுதாரரை டவாலி தூக்கிட்டுப் போனா, பட்டாவையும் டவாலிதான் வாங்கிக் குடுத்தான்னு மொட்டைக் கடுதாசி போடுவானுங்க."

'ஆஜராகவில்லை' என்று நடராசன் எழுதினார்.

மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதைப் படித்த கலெக்டர் காரணம் கேட்டார். நடராசன் அரசு மருத்துவர் அகிலாண்டத்தை அழைத்தார்.

"வயசானவங்க ரொம்ப நேரம் குந்தியிருந்துட்டு வெடுக்குன்னு எழுந்தா, தலைக்கு ரத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும் சார். கண்ணு இருட்டும். காலையிலேருந்து பட்டினி. பாதிப் பேருக்குக் கண்ணுல புரை. தொடையில சதை வத்திப்போச்சு. தரை ஈரம். பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது. விழாம இருந்தாத்தான் ஆச்சரியம்."

நடராசன் ஒவ்வொன்றாகப் பிரித்தார். "தரை பொதுப்பணித் துறை. கம்பியும் அவங்கதான். புரை உங்க துறை. பட்டினிக்கு உணவுத் துறை. ஆக, எங்க துறைக்கு எழுந்திரிக்கிறது மட்டும்தான் மிஞ்சுது."

"அப்ப எழுந்திரிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

"கூலித் தகராறு நடக்கிற தாலுகா டாக்டரம்மா. நான் வரும்போது நூறு பேர் உட்கார்ந்திருந்தா, செங்கொடிக்காரன் கச்சேரியைப் பிடிச்சுட்டான்னு மேலே தந்தி போயிடும்."

அகிலாண்டம் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அன்று மாலையே சுற்றறிக்கை வெளியானது: உட்காராதவர் எழ இயலாது, எழாதவர் விழ இயலாது, எனவே முதியோர் நலன் கருதித் தாழ்வாரத்தில் யாரும் உட்காரலாகாது.

அந்த வாரம் முதியவர்கள் நின்றபடியே விழுந்தார்கள். ஒரே சமயத்தில் விழாமல் தனித்தனியாக விழுந்ததைக் கணிசமான முன்னேற்றம் என்று நடராசன் அறிக்கை அனுப்பினார்.

இதற்குள் எதிர்க்கட்சி ஊர்வலம் போனது. ஆளுங்கட்சி சும்மா இருக்குமா? அமைச்சர் ஒருவரே வந்து, தமிழன் எவனும் எவனுக்காகவும் எழ வேண்டியதில்லை என்ற ஆணையைப் படித்துவிட்டு, கையோடு பட்டாவும் வழங்குவார் என்று ஏற்பாடாயிற்று. விழுந்ததால்தான் ஆஜராகவில்லை என்று அகிலாண்டம் கலெக்டருக்கு எழுதிய கடிதத்தின் தயவில் வைரக்கண்ணுவின் பெயரும் பட்டியலில் ஏறியது. வீங்கிய முழங்காலோடு அவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்து விழாப் பந்தலின் முதல் வரிசையில் உட்காரவைத்தாள் அம்சம்.

"மாமா, எந்தக் கொம்பன் வந்தாலும் எழுந்திரிக்காதீங்க. எழுந்தா நீங்க விழுவீங்க. விழுந்தா மனை போயிடும்."

"எல்லாரும் எழுந்தா?"

"எல்லாரும் விழட்டும்."

பதினோரு மணிக்கு அமைச்சரின் கார் சத்தம் கேட்டது. லியாகத் அலி பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டார். பந்தல் முழுக்க எழுந்தது. முன்வரிசையில் ஒன்பது பேர் விழுந்தார்கள். வைரக்கண்ணு அசையவில்லை. அமைச்சர் சுயமரியாதையைப் பற்றி அரைமணி நேரம் பேசி ஆணையைப் படித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மேலும் நாலு பேர் விழுந்தார்கள்.

பட்டா வழங்கும்போது வைரக்கண்ணுவின் பெயர் வரவில்லை. அம்சம் மேடைக்குப் பின்னால் போய் நடராசனைப் பிடித்தாள்.

"அவர் அமைச்சர் வரும்போது உட்கார்ந்திருந்தார்" என்றார் நடராசன்.

"எழுந்திரிக்க வேணாம்னுதானங்க ஆணை?"

"ஆணை அமலுக்கு வந்தது பதினொன்றரைக்கு. அவர் உட்கார்ந்திருந்தது பதினோரு மணிக்கு. அது அவமரியாதையில சேரும்."

"விழுந்தா ஆஜரு இல்ல. உட்காந்தா மரியாதை இல்ல. எங்க மாமா எப்படித்தாங்க இருக்கணும்?"

"அதுக்குத் தனியா மனுப் போடும்மா."

அம்சம் போட்டாள். மனு மேல்முறையீடாகி, திருப்பப்பட்டு, மறுபடி போடப்பட்டது. வைரக்கண்ணு அந்தக் குடிசையிலேயே இருந்து, அரசுப் பதிவேட்டின்படி வைக்கோல் போராகவே 1981-இல் காலமானார்.

1996 மார்ச் 11, திங்கட்கிழமை. பட்டா வந்துவிட்டதாகத் தகவல் போய், அறுபத்தெட்டு வயது அம்சம் கச்சேரித் தாழ்வாரத்தில் குந்தியிருந்தார். பக்கத்தில், ஏதோ சான்றிதழுக்காக ஓய்வுபெற்ற தாசில்தார் நடராசன். காலை பதினொன்று பத்துக்கு ஜீப் சத்தம் கேட்டது. யாரும் குரல் கொடுக்கவில்லை. இருவரும் எழுந்தார்கள், இருவரும் விழுந்தார்கள். அம்சத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஜீப்பில் டிரைவர் மட்டும்தான் இருந்தார்.