மஞ்சள் பூட்டும் மாப்பிள்ளை வீட்டுக் காரும்

கவலைப்படுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஊருக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வந்திருக்கிறேன். (மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.) இப்படிப்பட்டவள் கையில் ஒரு வீல் லாக்கைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். நானே ஆன்லைனில் வாங்கினேன்.

புதுக்கோட்டையில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு அடுத்த கட்டடம் கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் வந்தால் அங்கே வருகிற கார்களில் பாதி எங்கள் பார்க்கிங்கில்தான் நிற்கும். எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய இடம் கேட்டை ஒட்டி இருப்பதால் முதலில் நிறைவது அதுதான். எங்களிடம் கார் கிடையாது. ஒரே ஒரு ஸ்கூட்டர், அதையும் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்திவிடுவோம். அதனால் என்ன? காலியாகக் கிடந்தாலும் அது எங்கள் காலி இடம்.

அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர், "அடுத்தவங்க வண்டியப் பூட்ட நமக்கு உரிமை இருக்கான்னு தெரியலயே மேடம்" என்று இழுத்தார். "நம்ம எடத்துல நிறுத்த மட்டும் அவங்களுக்கு உரிமை இருக்கா?" என்று எழுந்து நின்று கேட்டேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

பூட்டு வந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்த பெரிய இரும்பு நண்டு மாதிரி இருந்தது. சக்கரத்தில் மாட்டி அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். நான் தொலைத்துவிடுவேன் என்று என் கணவர் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். இன்னொரு சாவியை நான் பத்திரமாக வைத்தேன். எங்கே என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் கயலைப் பெண் பார்க்கக் குளத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. "பையன்கிட்ட நான் பேசிப் பாக்காம நீ சரின்னு தலையாட்டக் கூடாது" என்று கயல் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். முன்பு வந்த வரன்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போய்விடுமோ என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. கணவர் காலையிலேயே பூ வாங்கக் கீரமங்கலம் போய்விட்டார். (புதுக்கோட்டையில் பூவே இல்லையா என்று கேட்பீர்கள். அனுப்பியது நான்தான்.)

பதினொரு மணி இருக்கும். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே கீழே பார்க்கிறேன், எங்கள் இடத்தில் ஒரு வெள்ளைக் கார். மண்டபத்தில் மேளம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தலையில் ஈரத்துண்டு, நைட்டிக்கு மேல் துப்பட்டா, கையில் மஞ்சள் நண்டு. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடினேன். மாட்டி அழுத்தினேன். 'டக்' என்றது. அப்படி ஒரு நிம்மதி எனக்குப் பிரசவத்துக்குப் பிறகுகூட வந்ததில்லை.

மேலே வந்தால் எங்கள் வாசலில் வரிசையாகச் செருப்பு.

நான் படியில் இறங்கியபோது அவர்கள் லிஃப்டில் ஏறியிருக்கிறார்கள். ஹாலில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அக்கா. பழைய சுடிதாரில் கயல் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மணிக்கு வந்தா திரும்பயில ராகு காலமாயிருமேன்னு காலையிலயே கெளம்பிட்டோம்ங்க. போன் பண்ணோம், நீங்க எடுக்கல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள போயிருவோம்." பிறகு திருப்தியோடு, "நல்லவேளை, கேட்டுக்குப் பக்கத்துலயே எடம் சும்மா கெடந்துச்சு. வண்டிய அங்கிட்டு விட்டுட்டோம்."

அடுப்படிக்குள் போய்க் கணவருக்கு போன் செய்தேன்.

"என்னங்க, அந்தச் சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கு" என்றார் பெருமையாக. "பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன். வாரேன்."

அதன் பிறகு நான் காபியாகக் கொடுத்தேன். அவர்கள் எழுந்திருக்கும் போதெல்லாம் இன்னொரு காபி. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்குச் சர்க்கரை இல்லாமல். கடைசியில் காரை எடுத்து நிறுத்தப் போன மாப்பிள்ளை திரும்பி வந்தார்.

"அப்பா, நம்ம வண்டிக்கு யாரோ பூட்டுப் போட்டிருக்காங்க."

"எவன்டா அவன்?"

"இந்த அசோசியேஷன்காரங்க ரொம்ப மோசம்ங்க" என்றேன் நான்.

"அம்மாதான் பூட்டுனாங்க" என்றாள் கயல்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அக்கா அவரை முறைத்தார். "வாங்க, திறக்க முடியுதான்னு பாப்போம்" என்று கயல் ஸ்பேனரையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு அவரோடு கீழே போனாள். நான் பத்துத் தடவை பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். முதலில் இருவரும் பூட்டோடு மல்லுக்கட்டினார்கள். அப்புறம் பார்த்தால் பூட்டு அது பாட்டுக்கு இருந்தது. இவர்கள் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

எமகண்டம் பிறந்தது. ஒரு மணியும் ஆனது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நெற்றி வியர்த்து விரல்கள் நடுங்கின. நான் பதறிப்போய், "ரசமும் தயிரும் இருக்கு, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

"முடிவு தெரியாம கை நனைக்க மாட்டோம்ங்க, அது மொறையில்ல" என்றார் அவர் மனைவி, அந்த நிலையிலும். பெண் வீட்டில் சோறு சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். வற்புறுத்திச் சாப்பிடச் சொன்னால் நான் கயலுக்குக் கொடுத்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் மயங்கி விழுவார். எண்ணெய்க் கையோடு மேலே வந்த கயல் ஒரு நிமிடம் எல்லோரையும் பார்த்தாள். கையைக் கழுவி, தயிர்சாதத்தைப் பிசைந்து தட்டில் போட்டு, ஒரு ஸ்பூனையும் செருகி அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுங்க மாமா. ஸ்பூன்ல சாப்புட்டா கை நனையாதுல்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். அவர் ஸ்பூனை எடுத்தார். நாலு வாய்க்குப் பிறகு முகம் தெளிந்து, "சட்டம் படிச்ச புள்ளையா?" என்று சிரித்தார். அப்புறம் எல்லோருக்கும் தட்டு வந்தது, தட்டுக்கு ஒரு ஸ்பூன்.

மாப்பிள்ளை தன் ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்தார். ரசத்தை ஊற்றிக் கையை விட்டுப் பிசைந்தார்.

"டேய்!" என்றார் அக்கா.

"எனக்கு ஸ்பூன்ல சாப்புட வராதுக்கா."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கயலைப் பார்த்தேன். அவள் அந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இப்பத் தலையாட்டிக்க" என்றாள்.

என் கணவர் பூப் பையோடு மூச்சிரைக்க உள்ளே வந்து, கை கழுவ எழுந்தவர்களிடம், "சாவி கொண்டாந்துட்டேன்!" என்றார்.

"சாவி கெடக்கட்டும் சம்பந்தி, மொதல்ல ஒக்காருங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

சீர்வரிசை பற்றிப் பேச்சு வந்தபோது சம்பந்தி கேட்டது ஒன்றே ஒன்று, அந்த மஞ்சள் பூட்டு. மஞ்சள் குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் கொடுத்தோம். (தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.) இன்றும் லிஃப்ட் சத்தம் கேட்டால் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

போன மாதம் கயலைப் பார்க்க ஸ்கூட்டரில் குளத்தூர் போயிருந்தோம். கிளம்பலாம் என்று வெளியே வந்தால், முன் சக்கரத்தில் மஞ்சள் நண்டு.

"சாப்புட்டுட்டுத்தான் போகணும்" என்றார் சம்பந்தி.

"சாவி?"

"எம் மகன் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். வருவான், வருவான்."

இலை போட்டார்கள். கயல் வந்து என் இலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்துவிட்டுப் போனாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், கேஸை மூடினேனா என்று மட்டும் நினைவில்லை.