கரண்டியும் சுரண்டியும்

எங்கள் வீட்டு முன்சுவரை ஐரோப்பாவாக மாற்றுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தீர்மானித்தேன். சுவரைக் கேட்கவில்லை. என் மனைவி பிரமிளாவையும் கேட்கவில்லை. அவள் தைப்பிங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் செங்கல் முகப்பு வைத்த வரிசை வீடுகள். எங்கள் வீட்டுச் செங்கல்லுக்கு மட்டும் பழைய சொந்தக்காரர் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். தவளைகூட அந்த நிறத்தில் பிறக்க யோசிக்கும்.

கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் செங்கல் சுவர்மேல் வெள்ளைச் சிமெண்டுக் கலவையை அப்பித் தேய்ப்பதைப் பார்த்தேன். ஜெர்மன் பாணியாம். செங்கல் அங்கங்கே எட்டிப் பார்க்க, புது வீடு பழைய பங்களா ஆகிவிட்டது. வீட்டில் கரண்டி பிடிப்பவள் பிரமிளா. நான் கொத்தனார் கரண்டியைப் பிடித்தேன்.

பக்கத்து வீட்டு ஜைனுலாப்தீன் அண்ணே சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"மகேந்திரா, சுவத்துல ரொட்டி சானாய் மாவு தட்டுறியா?"

ஜெர்மன் பாணி என்று விளக்கினேன். ஜெர்மனியில் நம்ம ஊர் மாதிரி மழை பெய்யுமா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சுவர் அருமையாக இருந்தது. படம் எடுத்து பிரமிளாவுக்கு அனுப்பினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

காலையில் கதவைத் திறந்தேன். ஐரோப்பா மொத்தமும் கீழே கிடந்தது. பூந்தொட்டியில் ஒரு துண்டு. கார் கூரையில் ஒரு துண்டு. சாக்கடையில் மீதி. சுவரில் ஒட்டியிருந்ததை விரலால் தட்டினேன், அதுவும் ஆப்பம் மாதிரி கழன்று காலில் விழுந்தது. உள்ளே இருந்த பச்சைக்கு ஒரு கீறல் இல்லை. குளித்துவிட்டு வந்தது போல முன்னைவிட மின்னியது.

மத்தியானம் பிரமிளா வந்து இறங்கினாள். சொல்ல நாலு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. சுவர் உதிர்ந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடப் போனேன்.

"நல்ல யோசனைதாங்க," என்றாள். "ஆனா பெயிண்ட் மேல சிமெண்டு ஒட்டாதுலா. கல்லு தண்ணிய உறிஞ்சினாத்தான் பிடிக்கும். பெயிண்ட சுத்தமா எடுத்துட்டுப் பூசுங்க."

நல்ல யோசனை! என் பெயரோடு அந்த வார்த்தை சேர்ந்து நான் கேட்டதே இல்லை. உருகிவிட்டேன்.

அன்றைக்கே கடைக்குப் போய் பெயிண்ட் கரைக்கும் மருந்தும் இரும்புச் சுரண்டியும் கம்பி பிரஷ்ஷும் அவளே வாங்கி வந்தாள். கரண்டி பிடித்த கையால் சுரண்டி பிடித்தேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், கையுறைக்குப் பஞ்சமில்லை. மருந்தைப் பூசினால் பெயிண்ட் அப்பளம் போலப் பொங்கும். உடனே சுரண்ட வேண்டும். லீவு நாள் எல்லாம் அதிலேயே போயிற்று. தும்மினால் பச்சையாக வந்தது.

பிரமிளா மைலோ கலந்து கொடுத்துக்கொண்டே கூட நின்றாள். ஜன்னலுக்கு மேலே, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் என்று தப்பிய பச்சையை எல்லாம் காட்டிக் கொடுத்தாள். கொஞ்சம் இருந்தாலும் மறுபடி உதிருமே என்று எச்சரித்தாள். இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். என் பல்லை அவ்வளவு சிரத்தையாகத் தேய்த்ததில்லை.

ஒருவழியாக முடிந்தது. சுவரைக் கழுவிக் காயவிட்டு, கொத்தனார் கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வெற்றி வீரனாக வாசலுக்கு வந்தேன்.

ஜைனுலாப்தீன் அண்ணனின் மனைவி சுபைதா அக்கா பிரமிளாவோடு நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். வெயிலில் செங்கல் சுட்ட சிவப்பில் ஜொலித்தது.

"பரவால்லலா பிரமிளா," என்றார் அக்கா. "கூலிக்கு ஆளே வைக்காம கல்ல வெளிய கொண்டாந்துட்டியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா போனதும் பிரமிளாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஜெர்மன் பூச்சு?"

"இவ்வளவு அழகான கல்ல மூடுறதுக்கு யாருக்காச்சும் மனசு வருமா?"

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சும்மா சுரண்டுங்கன்னு சொன்னா சுரண்டியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். மாட்டேன். மீதிச் சிமெண்டு மூட்டையாவது எங்கே என்று கேட்டேன்.

"பின்னாடி கலக்கி வெச்சிருக்கேன்," என்றாள். "துணி துவைக்கிற எடம் உடைஞ்சு கெடக்கு. காயறதுக்குள்ள சீக்கிரம் வாங்க."