மூட்டு எண்ணெயும் தூக்கணாங்குருவிச் சேலையும்

உக்கடம்,
கோயம்புத்தூர்.
5.9.1994

மரியாதைக்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

துணியில் படம் வரைந்து பிழைக்கும் உம்மல் குல்சும் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரர் அப்துல் மஜீதும் சுகம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். தங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவரின் கண்பார்வைக்காகத் தனியாக ஒரு துஆ செய்திருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஜூலை மாதம் தங்கள் நிருபர் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தது. நல்ல பெண். சேலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, பென்சிலால் வரைவது, வண்ணம் தீட்டுவது, காய்ந்த பிறகு துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடுவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து எழுதிக்கொண்டது. சாப்பாடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டது. ஆகஸ்ட் இதழில் என் படம் வந்தது. எழுதியிருந்ததும் என்னைப் பற்றித்தான். ஆனால் அடியில் இருந்த விலாசம் துடியலூர் பொன்னாத்தாள் என்பவருடையது. எதிர்ப் பக்கத்தில் அந்தப் பொன்னாத்தாள் பச்சிலை போட்டு மூட்டுவலி எண்ணெய் காய்ச்சுவதைப் பற்றி எழுதி, அதற்கு அடியில் என் விலாசத்தைப் போட்டிருந்தீர்கள்.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் விலாசம் எல்லாம் பார்த்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது ஆர்.எஸ்.புரத்து லோகப்பிரியா என்ற பெண்ணின் நிச்சயதார்த்தச் சேலை சட்டத்தில் இருந்தது. சந்தன நிறப் பட்டு. முந்தானையில் தென்னை ஓலை, ஓலை நுனியில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள். கூட்டின் ஒவ்வொரு நாரையும் மெல்லிய பிரஷ்ஷால் இழுக்க வேண்டும். மூச்சை வேகமாக விட்டாலும் கோடு கோணிவிடும். அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி கந்தப்பன் என்பவர் உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, காலை என் முன்னால் நீட்டிவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, எங்க வலிக்குதுன்னு நான் சொல்லோணுமுங்களா, நீங்களே பாத்துச் சொல்லிப்போடுவீங்களா?" என்று கேட்டார்.

பத்திரிகையில் விலாசம் மாறிவிட்டது, நான் துணியில் படம் வரைகிறவள் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் தங்கள் இதழை எடுத்து விரித்துக் காட்டினார். "அச்சுல போட்டிருக்குதுங்களே" என்றார். அச்சில் வந்ததற்கு எதிராக நான் வாயால் சொல்வது எடுபடவில்லை. மருந்து தர எனக்கு மனம் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவர் முகம் வாடிப் போனது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டீயுடன் வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். படியேறி வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. "அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கார் குல்சும்" என்று என் காதில் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து, "இது வெறும் தேங்காயெண்ணெய்தாங்க, ஆனா சூடா தேச்சா இதமா இருக்கும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் கொடுத்தார். கந்தப்பன் சிரித்தார். "கைராசி இருக்கறவங்க எல்லாம் இப்படித்தானுங்க தன்னடக்கமாப் பேசுவாங்க" என்றார். வாழ்நாள் முழுக்கத் தேங்காயோடு பழகிய மனிதர், அம்மா. தன் சரக்கையே முகர்ந்து பார்த்துவிட்டு "அருமையான மூலிகைங்க" என்று சொன்னார்.

அடுத்த வாரம் அவருக்கு வலி குறைந்துவிட்டது. அதுதான் வினை. ஒரு சாக்குத் தேங்காயோடும் ஊர்க்காரர்களோடும் வந்து சேர்ந்தார். பிறகு தங்கள் இதழைப் பார்த்துவிட்டு மற்ற வாசகர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். திருச்சியில் இருந்துகூட ஒருவர் வந்தார். எங்கள் முன்னறை முழுக்க முட்டிகள். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் "வெறும் தேங்காயெண்ணெய்தாங்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்துவிடுகிறார். அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் கூடுகிறது. டீ போடும் பாத்திரத்தை மாற்றிப் பெரிதாக வாங்கினோம். நான் சட்டத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து கூடு கட்டிக்கொண்டிருந்தேன்.

லோகப்பிரியாவின் அம்மா லட்சுமியம்மாள் சேலை எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது என்று பார்க்க ஒருநாள் வந்தார். வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தார்.

"ஏனுங்க, நான் துணி கொடுத்த ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டார்.

"இதேதாங்க, உள்ளே வாங்க" என்றேன். உள்ளே வர இடமில்லை. திருச்சிக்காரர் காலை மடக்கி வழிவிட்டார். லட்சுமியம்மாளுக்குச் சேலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் போகும்போது, "நிச்சயம் நெருங்கிப் போச்சுங்க, இந்தக் கூட்டத்துல சேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே ஆகிவிட்டது. கந்தப்பன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுந்தவர், முந்தானையில் இருந்த கூட்டைப் பார்த்து நின்றுவிட்டார். "நம்ம தோப்புல தொங்கற கூடு அப்படியே இருக்குதுங்க அம்மணி" என்று, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் மெதுவாக, ஆசையாக, அதைத் தடவிக் கொடுத்தார். எண்ணெய்க் கை. பட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறை பரவியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தன் கையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கண்கலங்கிவிட்டார். எல்லோரும் அவரவர் முட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர் மட்டும் சந்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், போகச் சொன்னாலும் போகவில்லை.

நான் என் வீட்டுக்காரரிடம் இந்தக் கல்யாண வாழ்க்கையில் பேசாததெல்லாம் அன்று பேசினேன். "ஊருக்கெல்லாம் எண்ணெய் தேய்ங்க. என் தொழிலைத் தலை முழுகிட்டேன்" என்றேன். அவர் போய் டீ டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழுவி வைத்தார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது. சேலையைச் சட்டத்தில் இருந்து கழற்றி, பழைய துணியில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, துடியலூர் பஸ் ஏறினேன். அந்தப் பொன்னாத்தாளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். அந்த நாலு வார்த்தையையும் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பொன்னாத்தாள் கதவைத் திறந்தார். தங்கள் இதழில் என் படத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "உள்ள வாங்க அம்மணி. நீங்க எப்ப வருவீங்கன்னுதானுங்க பாத்துட்டே இருக்கறேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூடத்தைப் பார்த்தேன். துப்பட்டா, சுடிதார்த் துணி, சேலை, குழந்தைக் கவுன் என்று கட்டில் நிறையக் குவிந்து கிடந்தது. காலேஜ் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை. "எனக்குத் தெரியாதுன்னு சொன்னா யாருங்க கேக்கறாங்க? பத்திரிகையில போட்டிருக்குதுன்னு சொல்லி வெச்சுட்டுப் போயிடறாங்க. ஒரு புள்ள மூக்கைச் சிந்திட்டே நின்னுச்சு. பாவமா இருந்துதுன்னு நானே ஒரு கிளி போட்டுக் கொடுத்துப்போட்டேன்" என்றார். அந்தக் கிளியை முதலில் போட்டுப் பழகிய துண்டுத் துணியைக் காட்டினார். காம்போடு கூடிய கத்தரிக்காய் என்று நான் நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "அந்தப் புள்ள கத்திரிக்கா நல்லாருக்குதுன்னு சொல்லிச்சுங்க."

நான் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயின என்று தெரியவில்லை. பையைத் திறந்து கறையைக் காட்டியபோதுதான் அழுகை வந்தது. பொன்னாத்தாள் பதறவில்லை. முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் கறையின் மேல் தாராளமாகக் கொட்டி, ஊறவைத்து, உதறி, மேலும் கீழும் காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டோம். திரும்பத் திரும்பச் செய்தோம். எண்ணெய் போனது, கூடவே ஒரு கூட்டின் நிறமும் மங்கிப்போனது. சட்டம் இல்லாததால் அவர் எதிரில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் அங்கேயே அந்தக் கூட்டை மறுபடி கட்டினேன். முடித்து எழுந்தபோது அவர் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முட்டி சடசடக்க எழுந்தார்.

"உங்க எண்ணெயை நீங்க தேச்சுக்கறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"காச்சறதுக்கே நேரம் பத்தறதில்லீங்க அம்மணி, எங்க தேக்கறது" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்கமாட்டேன். சேலை காய்ந்தது பொன்னாத்தாள் எண்ணெய் காய்ச்சும் அறையில். நொச்சி இலையும் வாதநாராயணன் இலையும் கொதிக்கிற வாசனை பட்டில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து காற்றில் போட்டேன், சாம்பிராணி காட்டினேன், போகவில்லை. லட்சுமியம்மாளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லித்தான் சேலையைக் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். நிச்சயதார்த்தத்தன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை லோகப்பிரியாவே வந்து நடந்ததைச் சொன்னது. சபையில் மாப்பிள்ளையின் அத்தை, லோகப்பிரியாவுக்குப் பூ வைக்கக் குனிந்தவர், நிமிராமல் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினாராம். லட்சுமியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாராம். அந்த அத்தை முந்தானையை எடுத்து மூக்குப் பக்கம் வைத்துக்கொண்டு, "கண்ணு, இது மூட்டு எண்ணெய் வாசமல்ல? எங்க கிடைக்குது?" என்று கேட்டாராம். அவருக்குப் பல வருஷத்து மூட்டுவலியாம். லோகப்பிரியா நல்ல பெண். "உக்கடத்துலீங்க அத்தை" என்று சேலை வந்த இடத்தைச் சொல்லிவிட்டது. இப்போது அந்த அத்தையும் காரில் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார்.

ஆகவே அம்மா, நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த இதழில் பெரிய எழுத்தில், கட்டம் கட்டி, என் விலாசம் என்னுடையது, பொன்னாத்தாள் விலாசம் பொன்னாத்தாளுடையது என்று திருத்தம் வெளியிட வேண்டும். இப்போது புதன்கிழமைதோறும் அவர் எண்ணெய்ப் புட்டிகளோடு இங்கே வந்து, அவர் வீட்டில் குவிந்த துணிகளில் நான் வரைந்து முடித்தவற்றை அங்கே எடுத்துப் போகிறார். எத்தனை நாளைக்கு இப்படி நடக்கும்? எனக்கு வேலை செய்ய அமைதி வேண்டும். முன்னறை எனக்கு வேண்டும். தாங்கள் மனது வைத்தால் மட்டுமே அது நடக்கும்.

தங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். தங்கள் இதழ் நீடித்து நடக்கவும், தங்கள் வீட்டில் எவருக்கும் மூட்டுவலி வராதிருக்கவும் துஆச் செய்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
உம்மல் குல்சும்

பின்குறிப்பு:

14.9.1994. மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். இன்று துவைக்க எடுத்த சட்டையின் பையில் அது அப்படியே இருந்தது. கேட்டதற்கு முதலில் மறந்துவிட்டது என்றார். பிறகு, "திருத்தம் போட்டுட்டா அப்புறம் இங்க யாரு வருவாங்க, குல்சும்? கடையில இருந்தவரைக்கும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வர்றவங்களோட பேசிட்டே இருந்தவன் நான். ரிட்டையரான பிறகு நீ சேலை மேல குனிஞ்சா சாயங்காலம்தான் நிமிர்றே. உன்னைக் குத்தம் சொல்லல. சும்மா சொன்னேன்" என்றார்.

டீத்தூள் தீரப்போகிறது, வாங்கி வாருங்கள் என்று கடைக்கு அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். ஆகவே திருத்தம் வேண்டாம். எங்கள் இருவர் விலாசமும் போட்டது போட்டபடியே இருக்கட்டும். சட்டத்தைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன், அங்கே வெளிச்சமும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே பக்கத்தில் என் வயது ஐம்பத்தாறு என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு நாற்பத்தாறு. அதை மட்டும் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடவும்.

உ.கு.