ஆவன செய்யப்பட்ட மின்விசிறி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்; சக்கரத்தைக் கண்டுபிடித்தான். ஆனால் 'ஆவன செய்க' என்ற இரண்டு சொற்களைக் கண்டுபிடித்த பிறகுதான் அவனுக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார நேரம் கிடைத்தது. நான் ஓர் அலுவலகப் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருடங்களாக அந்தச் சொற்களின் நிழலில் வாழ்கிறேன். ஒரு நாள்கூட வியர்த்ததில்லை.

'ஆக வேண்டியவற்றைச் செய்' என்பது புத்தகப் பொருள். அது பள்ளிக்கூடத்துக்குப் போதும். அலுவலகப் பொருள் இன்னும் ஆழமானது: 'நான் பார்த்துவிட்டேன், இனி உன் பாடு.'

இந்தச் சொல்லின் மகிமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். எங்கள் தட்டச்சரம்மா ஒருநாள் மனு கொடுத்தார். 'என் தலைக்கு மேலுள்ள மின்விசிறி கழன்று ஆடுகிறது. விழுந்தால் என்மேல்தான் விழும்.' நயமே இல்லாத மனு. அதிகாரி அதன் ஓரத்தில் பச்சை மையில் 'ஆவன செய்க' என்று எழுதி எனக்கு அனுப்பியதும்தான் அதற்கு ஒரு களை வந்தது.

உடனே கூட்டம் கூட்டினேன். எங்கள் உதவியாளர் ஒருவருக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர். சொல்லறிவுக்காக வைத்தது என்று அவர் இன்னும் நம்புகிறார்.

"சார், 'ஆவன'ன்னா ஆகக்கூடியவை. இந்த விசிறிக்கு ஆகக்கூடியது என்ன? விழறதுதான். அப்ப நாம அதை விழ வைக்கணுமா?"

"வாயை மூடுய்யா."

"அதுக்கில்ல சார், உத்தரவை மீறக்கூடாதேன்னு..."

தட்டச்சரம்மா குறுக்கிட்டார். "மூணு திருகாணி சார். எங்க வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன்தான். வரச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடுக்கிடுவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அதுக்குப் பேர் வேலை செய்யறது. நமக்கு உத்தரவு ஆவன செய்யறதுக்கு. வெளியாள் வந்து அலுவலகத் திருகாணியைத் தொடலாமா?"

"அப்ப என் நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுக்கறேன்."

"இருக்கை வரைபடம் மேலிடம் ஒப்புதல் கொடுத்தது."

"விசிறியை நிறுத்தியாவது வையுங்க சார். கீழ உட்கார பயமா இருக்கு."

அதை நான் தீவிரமாகப் பரிசீலித்தேன். அந்த விசிறியின் காற்றுதான் என் மேசைக்கும் வருகிறது. எனவே பொது நலன் கருதி மறுத்தேன்.

பிறகு கோப்பு புறப்பட்டது. கட்டடப் பிரிவுக்கு எழுதினோம். அவர்கள் மின் பிரிவைக் கைகாட்டினார்கள். மின் பிரிவோ, விசிறி தொங்குவது கூரையில், கூரை கட்டடத்தைச் சேர்ந்தது என்று தெளிவுபடுத்தியது. மொத்தம் பதினான்கு கடிதங்கள். அத்தனையையும் தட்டச்சரம்மாதான் அடித்தார், அதே விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வரிக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அதனால் வேகம் குறைந்துவிட்டது. நான் வாய்மொழியாக எச்சரித்தேன்.

பதினைந்தாவது கடிதம் பாதியில் இருந்தபோது விசிறி விழுந்தது. அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தால் தலையை இழுத்துக்கொண்டார். வலது கை சிக்கிக்கொண்டது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் போட்ட சத்தத்தில் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன் என்பது உண்மை. ஆனாலும் தேறிக்கொண்டு, மாலைக்குள் அறிக்கை தயாரித்தேன்: 'மின்விசிறி தொடர்பாக ஆவன அனைத்தும் உரிய காலத்தில் செய்யப்பட்டன.' அதிகாரி பாராட்டினார். பாதிக்கப்பட்டவரின் கையொப்பம் மட்டும் வேண்டும் என்றார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். தோள்வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் கணவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அறிக்கையைப் படுக்கையில் விரித்து, பேனாவையும் திறந்து நீட்டினேன்.

"ஒரு கையெழுத்துதாம்மா. இங்க."

அவர் கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"நீங்களே போட்டுக்குங்க சார். ஒண்ணும் செய்யாத கைக்கு ஒண்ணும் ஆகறதில்ல."